புல்வெளி ஊர்களின் சரித்திரம் - 7: குன்றில்லாத பிஷப் ஹில்

பிளாக் ஹாக் என்ற முதிய வீரனின் தலைமையில் திரும்பி வந்த ஸாக் மக்கள், 1832-ஆம் வருஷத்துக் கோடையில் சுட்டும் துரத்தியும் மிஸ்ஸிஸிப்பி நதிக்கு அப்பால் விரட்டப்பட்டதோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். ராக் நதி மிஸ்ஸிஸிப்பியோடு கலக்கும் இடத்தில் ஸாக்கெனுக் என்ற பெரிய ஊரை அமைத்து, தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளம் விளைவித்து வந்த அந்த மக்களுக்கு, 1804-ல் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு சிலர் மட்டும் கூடிக் கைநாட்டு வைத்த காகிதம் ஒன்றினால் தங்கள் பூமி பறிபோயிற்று என்பது கடைசிவரை விளங்கவும் இல்லை, அவர்கள் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் சர்வேக்காரனின் சங்கிலிக்கு அதைப் பற்றி அக்கறை கிடையாது. இல்லினாய் ராஜ்யத்தின் வடமேற்கு மூலை முழுவதும் மைலுக்கு மைல் சதுரமாக அளந்து கல்லிடப்பட்டு, ஏக்கர் ஒன்றுக்கு 1.25 டாலர் என்று விலை குறிக்கப்பட்டு, வாங்குவாரை எதிர்நோக்கிக் கிடந்தது.

ஸாக்கெனுக் இருந்த இடத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 30 மைல் சென்றால், ஹென்றி கவுண்டியில், பிஷப் ஹில் என்ற சிற்றூரை அடையலாம். ஆயர் குன்று என்று அந்தப் பெயருக்குப் பொருள். அங்கே ஆயர் எவரும் வசித்ததில்லை. குன்று என்று மனம் துணிந்து சொல்லத்தக்க மேடும் கிடையாது. ஸ்வீடன் தேசத்தில் உப்லாந்து என்ற மாகாணத்தில் பிஸ்கோப்ஸ்குல்லா என்று ஒரு கோவில் வட்டம் உண்டு. அங்கே பிறந்த ஒரு மனிதனைப் பின்பற்றிக் கடல் கடந்து வந்தவர்கள், அவன் பிறந்த ஊரின் பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தாங்கள் குடியேறிய இடத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஊரைவிட்டு ஓடி வந்தவர்களுக்கு ஊர்ப்பெயரை விட்டுவர மனம் வருவதில்லை போலும்! அவர்களே சில வருஷங்களுக்குப் பிறகு ரயில் பாதையோரத்தில் எழுப்பிய கால்வா என்ற பட்டணமும், அவர்கள் கப்பலேறிய யேவ்லெ துறைமுகத்தின் பெயர் அமெரிக்க நாவில் புரண்டு திரிந்த உருவமே.

இன்றைய பிஷப் ஹில்லின் பரப்பு அரைச் சதுர மைல். 2010-ஆம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி அதன் ஜனத்தொகை 128. எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு இத்தனை சிறிய ஊருக்கு ஒரு சரித்திரமா என்று புருவத்தை உயர்த்துகிறவர்கள், அதே இடத்தில் 1850-களின் நடுவில் எழுநூறு எண்ணூறு பேர் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பெட்டியில் பணம் வைத்து, ஒரே மணியோசைக்கு எழுந்து வயலுக்குச் சென்றார்கள் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்த ஊர்களெல்லாம் ஒவ்வொரு குடும்பமாக வந்து, ஒவ்வொரு பண்ணையாக எழுந்து, பிறகு ஒரு நாற்சந்தியில் கடையும் கொல்லன் பட்டறையும் கோவிலும் முளைத்து ஊரானவை. பிஷப் ஹில் அவ்வாறு முளைத்த ஊரல்ல. முழு ஊராகவே புறப்பட்டு வந்து இறங்கிய ஊர் அது.

இறங்கிய பூமியின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அவர்களைக் கொன்றதும் அந்த மண்தான், வாழ்வித்ததும் அந்த மண்தான். பனியுகத்தில் வடக்கேயிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகள் மேடு பள்ளங்களை அரைத்துச் சமன்செய்து விட்டுப்போன களிமண்ணின்மேல், காற்று கொண்டுவந்து படியவைத்த நுண்ணிய வண்டல் ஒரு போர்வையாக விழுந்து, அதன்மீது ஆயிரக்கணக்கான வருஷங்கள் புல் முளைத்து மடிந்து மக்கியதால் உண்டான கரிய மண் அது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் நீலத்தண்டுப் புல், கோடையில் கடல்போல் அலையடிக்கும். இலையுதிர் காலத்தில் காய்ந்து, ஒரு பொறி விழுந்தால் காற்றோடு காற்றாய்க் குதிரையையும் முந்தி ஓடும் தீயாய்விடும். மரம் வளரும் இடங்கள் அபூர்வம். ஓடைகளின் ஓரத்தில் மட்டுமே கருவாலியும் கறுப்பு வால்நட்டும் கூடி நின்று சிறு சிறு தோப்புகளாகத் தென்படும். விறகும் வீட்டு மரமும் குடிநீரும் அங்கேதான் கிடைத்தன என்பதால், அந்நாளில் வந்தவர்களெல்லாம் முதலில் தேடியது நிலத்தையல்ல, தோப்பின் ஓரத்தைத்தான்.

பிஷப் ஹில் அமைந்ததும் அத்தகைய ஒரு தோப்பின் அருகில். தெற்கு எட்வர்ட்ஸ் என்ற சிற்றோடை அதன் பக்கத்தில் ஓடி, எட்வர்ட்ஸ் நதியாகி, மேற்கே மிஸ்ஸிஸிப்பியில் சென்று விழுகிறது. ஓடையை நோக்கி இறங்கும் சரிவில் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. பள்ளத்தாக்கு என்றால் மலைநாட்டுப் பள்ளத்தாக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம், மழைநீர் அறுத்த ஓர் ஆழமான வாய்க்கால் என்றே சொல்லலாம். அந்த வாய்க்காலின் கரை பின்னால் நம் கதையில் வரும்.

இந்த மண்ணை உழுவதும் எளிதன்று. புல்லின் வேர்கள் பாய் முடைந்தாற்போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதைக் கிழித்தால் அடியிலுள்ள பசை மண் இரும்புக் கொழுவில் ஒட்டிக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை நின்று சுரண்டவேண்டியிருக்கும். ஜான் டீர் என்ற கொல்லர் இதே இல்லினாயில் கிராண்ட் டீட்டூர் என்ற ஊரில் 1837-ல் பளபளப்பான எஃகுக் கொழுவைச் செய்து பார்த்து, 1848-ல் பட்டறையை மோலீனுக்கு மாற்றினார். பிஷப் ஹில்லிலிருந்து மோலீன் ஏறக்குறைய ஸாக்கெனுக் இருந்த தூரம்தான். ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் காலத்தைக் கணித்து வந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் புல்வெளி உழவுக்கு இணங்கத் தொடங்கிய தருணத்தில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள் என்பது உண்மை.

இனி வந்தவர்களைப் பற்றி. எரிக் யான்ஸன் 1808-ல் பிறந்தவர். கோதுமை மாவு வியாபாரி. உப்லாந்தில் மாவு வாங்கி, கோதுமை அதிகம் விளையாத வடபுலமான ஹெல்ஸிங்லாந்துக்கு வண்டியில் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். அங்கே வாசிப்போர் என்று பெயர் பெற்ற பக்தர் கூட்டங்கள் இருந்தன. குடும்பங்கள் இரவில் ஒரு வீட்டில் கூடி வேதத்தையும் பக்தி நூல்களையும் உரக்கப் படித்துத் தியானிப்பார்கள். இதில் தவறு காண நமக்குத் தோன்றாது. ஆனால் குருவின் மேற்பார்வையின்றி வீடுகளில் கூடி வழிபடலாகாது என்று 1726-ல் பிறந்த ராஜ கட்டளை ஒன்று அந்நாட்டில் அமலில் இருந்தது. 1858 வரையில் அது ரத்தாகவில்லை. மாவு விற்க வந்த யான்ஸன் அந்த வீடுகளில் தங்கினார்; தங்கிய இடத்தில் பேசினார்; பேச்சு பிரசங்கமாயிற்று. உண்மையான விசுவாசியிடம் பாவம் நிலைத்திராது என்பதும், வேத புஸ்தகம் ஒன்றைத் தவிர வேறு நூல் எதுவும் வேண்டியதில்லை என்பதும் அவருடைய போதனையின் சாரம். லூதரின் நூல்களும் அவருக்கு வேண்டாதவையே. 1844-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆல்ஃப்தா என்ற ஊருக்கு அருகில் அவரைச் சேர்ந்தவர்கள் ஸ்வீடிஷ் திருச்சபை போற்றிய பக்தி நூல்களைக் குவித்துத் தீ வைத்தார்கள்.

புஸ்தகத்துக்குத் தீ வைப்பவர்களிடம் எனக்கு அனுதாபம் பிறப்பதில்லை. எந்தக் கொள்கையின் பேரால் வைத்தாலும் சரியே. ஆயினும் அதற்குப் பிறகு அவர்கள்மீது ஏவப்பட்ட அதிகார பலம், அவர்கள் செய்த குற்றத்தைவிட மிகப் பெரிது என்பதையும் சொல்லவேண்டும். யான்ஸன் மீண்டும் மீண்டும் கைதுசெய்யப்பட்டார். கடைசியில் காவலர் வசமிருந்து சிஷ்யர்கள் அவரை மீட்டு ஒளித்து வைத்தார்கள். மலையைத் தாண்டி நார்வேக்குள் நுழைந்து, கோபன்ஹேகன், ஹாம்பர்க், லிவர்பூல் வழியாக 1846-ல் அவர் நியூயார்க் சேர்ந்தார்.

இடம் பார்க்க ஓலோப் ஓல்ஸன் என்பவரை முந்திய வருஷமே அனுப்பிவிட்டார்கள். நியூயார்க் துறைமுகத்தில் பழைய கப்பல் ஒன்றைக் கோவிலாக்கி, வந்திறங்கும் மாலுமிகளுக்கும் குடியேறிகளுக்கும் தொண்டு செய்துகொண்டிருந்த ஓலோப் ஹெட்ஸ்ட்ரோம் என்ற மெத்தடிஸ்ட் போதகர், தாமும் ஒரு ஸ்வீடன் நாட்டவர் ஆதலால், ஓல்ஸனை வரவேற்றுத் தம் சகோதரர் யோனாஸ் வசித்து வந்த இல்லினாயின் விக்டோரியா என்ற ஊருக்கு வழி சொல்லி அனுப்பினார். ஒரு சகோதரன் இன்னொரு சகோதரனுக்கு எழுதிய கடிதமும், ஒரு கப்பல் தளத்தில் நடந்த சம்பாஷணையும் இல்லாதிருந்தால் இந்த ஊர் விஸ்கான்ஸினிலோ மினஸோட்டாவிலோ எழுந்திருக்கும். பிஷப் ஹில் இல்லினாயில் இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

பிரயாணத்துக்குப் பணம் சேர்ந்த விதம் முக்கியமானது. அதிலிருந்தே ஊரின் பொதுவுடைமை பிறந்தது. சிஷ்யர்களில் சொந்தப் பண்ணையும் வெள்ளிப் பாத்திரமும் உடையவர்கள் இருந்தார்கள். கடனில் மூழ்கிய கூலியாட்களும் வேலைக்காரப் பெண்களும் அவர்களைவிட அதிகமாக இருந்தார்கள். இருக்கிறவர்கள் விற்று, இல்லாதவர்களின் கடனை அடைத்து, அனைவருக்கும் ஒரே பையிலிருந்து கப்பல் கூலி கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. ஆதி சீஷர்கள் எல்லாவற்றையும் பொதுவாக வைத்து அனுபவித்தார்கள் என்ற வேத வாக்கியம் அதற்குப் பிரமாணமாக எடுத்துச் சொல்லப்பட்டது. ஆனால் வாக்கியத்துக்கு முன்னே தேவை வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே பையில் போட்ட பணத்தைக் கரையேறிய பிறகு யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது எப்படி?

யேவ்லெயிலிருந்து இரும்பு ஏற்றிச் செல்லும் சரக்குக் கப்பல்களில், இரும்புப் பாளங்களுக்கு மேலே பலகை பரப்பி அதன்மேல் படுத்து அவர்கள் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். மாதக்கணக்கில் நீடித்த அந்தக் கடற்பிரயாணம் முடிந்ததும் நதிப்பிரயாணம் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து ஹட்ஸன் நதியில் மேலேறி, 1825-ல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயில் குதிரை இழுக்கும் படகில் பஃபலோ வரை சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பலில் பெருங்கிணற்றின் விளிம்பைச் சுற்றுவதுபோல் ஏரிக்கு ஏரி மாறி சிகாகோவில் இறங்கினார்கள். சிகாகோவுக்கும் இல்லினாய் நதிக்கும் இடையே வெட்டிக்கொண்டிருந்த கால்வாய் திறக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஆகவே முதலில் வந்தவர்கள் நோயாளிகளையும் குழந்தைகளையும் மூட்டைகளையும் வண்டியில் ஏற்றிவிட்டு, மற்ற எல்லாரும் ஏறத்தாழ 160 மைல் தூரத்தைப் புல்லினூடே நடந்தே கடந்தார்கள்.

1846-ஆம் வருஷத்துக் கோடையின் முடிவிலும் இலையுதிர் காலத்திலும் இவ்வாறு கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தவர்கள் சுமார் 400 பேர். விதைக்கும் பருவம் கடந்துவிட்டது. அறுப்பதற்குத் தங்கள் பயிர் கிடையாது. கட்டியிருந்த மரக்குடில்களோ சில. குளிர்காலம் வாசலில் நின்றது. மேலே நான் குறிப்பிட்ட வாய்க்கால் கரை அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. கரையைக் குடைந்து, உள்ளே அறைபோல் மண்ணை வெட்டியெடுத்து, முன்பக்கத்தில் மட்டும் மரச்சுவரும் கதவும் வைத்து, கோடியில் கணப்பு அமைத்து, இருபுறமும் அடுக்கடுக்காகப் படுக்கைப் பலகைகளை அடித்தார்கள். இத்தகைய குகை ஒன்றில் இருபத்தைந்து முப்பது பேர் வரை படுத்துறங்கினார்கள்.

இவர்கள் குளிரை அறியாதவர்களல்லர். இல்லினாயின் குளிர்காலத்தைவிட நீண்ட குளிர்காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் ஸ்வீடனில் குளிருக்கு எதிரே பைன் மரத்தில் கட்டிய உலர்ந்த வீடு இருந்தது. இங்கே ஈரம் கசியும் களிமண் சுவர் இருந்தது. ரை தானியமும் வாற்கோதுமையும் தின்று பழகிய வயிறுகளுக்கு மக்காச்சோளம் புதிது. அதையும் கையால் சுற்றும் திரிகையில் இராப்பகலாக முறைவைத்து அரைக்கவேண்டியிருந்தது. கிழங்கு வற்றிய வாரங்களில் உபவாசம் பக்தியின் ஒரு அங்கமாகப் போதிக்கப்பட்டதாம். பட்டினிக்கும் உபவாசத்துக்கும் உள்ள வித்தியாசம் அத்தகைய சமயங்களில் போதிக்கிறவனின் குரலைப் பொறுத்தது. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் கோவிலை மறக்கவில்லை; மரச்சட்டமும் கித்தானும் கொண்டு சிலுவை வடிவில் ஒரு பெரிய கூடாரத்தை எழுப்பி, தினமும் அதிகாலையில் இருட்டோடு எழுந்து அங்கே கூடினார்கள். வசந்தம் வருவதற்குள் 96 பேர் இறந்துபோயிருந்தார்கள். நாலு பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். குகையிலிருந்து விடியற்காலையில் தூக்கிச் செல்லப்பட்டவர்களைப் புதைக்க, உறைந்து பாறையாய்க் கிடந்த அதே மண்ணை மறுபடியும் குடையவேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் அந்த மண்ணே கைகொடுத்தது. களிமண்ணை மிதித்து வெயிலில் காயவைத்த பச்சைக் கல், பிறகு சூளையிட்ட செங்கல் என்று கட்டடங்கள் எழத்தொடங்கின. ஓடையில் மாவரைக்கும் ஆலை வைத்தார்கள். தண்ணீர் வற்றிய நாட்களில் வாலிபர்கள் சக்கரத்துக்குள் ஏறி மிதித்து அதைச் சுழற்றினார்கள். 1848-ல் கட்டிய கோவில் இன்றும் நிற்கிறது. அதன் மேல்தளம் வழிபாட்டுக்கு. கீழே குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பிரித்துக் குடியிருந்தார்கள். இடம் போதாத ஊரில் கடவுளுக்கும் மனிதருக்கும் ஒரே கூரை. மேல்தளத்து ஆசனங்கள் அந்தத் தோப்பின் கறுப்பு வால்நட் மரத்தால் ஆனவை. ஆண்கள் பகுதியையும் பெண்கள் பகுதியையும் நடுவே கடைசல் கம்பிகள் கொண்ட ஒரு தடுப்பு பிரிக்கிறது. அதே காலத்தில் பெரிய செங்கல் வீடு என்று பெயர் பெற்ற, 200 அடி நீளமுள்ள மாளிகையைத் தொடங்கினார்கள். கீழே பொதுச் சமையலறையும் போஜன சாலையும், மேலே வரிசை வரிசையாய் அறைகளும் கொண்ட அந்தக் கட்டடம் 1928-ல் தீக்கிரையாயிற்று.

இந்த வேலைகளில் பெரும்பங்கு பெண்களுடையது. ஊரில் பெண்கள் தொகை அதிகம். எருது பூட்டி உழுததும், செங்கல் அறுத்ததும், ஆளி நார் நூற்று நெய்ததும் அவர்களே. கூட்டத்தோடு 12 வயதுச் சிறுவனாக 1850-ல் வந்து சேர்ந்த ஓலோப் க்ரான்ஸ், வீடுகளுக்கு வர்ணம் பூசிப் பிழைத்து, அறுபது வயதை நெருங்கும்போது தூரிகையெடுத்துத் தம் பால்யத்தின் ஊரைப் படங்களாக எழுதி வைத்தார். அவற்றில் ஒன்றில், வயலின் குறுக்கே கயிறு பிடித்து, அந்தக் கயிற்றின் நேரே ஒரே உடையில் ஒரே வரிசையாக நின்று பெண்கள் மக்காச்சோளம் ஊன்றுகிறார்கள். முகங்களைக் காட்டிலும் வரிசையே அந்தப் படத்தில் கண்ணை ஈர்க்கிறது. அண்டை அயலில் தனித்தனிப் பண்ணைகளில், கணவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாகப் புல்வெளியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த அமெரிக்கர்கள், நூறு பேர் ஒருமிக்க வயலில் இறங்கும் இக்காட்சியை நின்று பார்த்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. நம்முடைய சோளத்துக்கு நெருங்கிய உறவான துடைப்பச் சோளம் என்ற பயிர் பின்னால் அவ்வூருக்குப் பெரும்பணம் ஈட்டித் தந்தது. அதன் கதிரின் நீண்ட நார்களைக் கட்டித்தான் அமெரிக்கா முழுவதும் வீடு பெருக்கினார்கள்.

ஜனத்தொகையோ ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. 1846-க்கும் 1854-க்கும் இடையே ஸ்வீடனிலிருந்து யான்ஸனை நம்பி வந்தவர்கள் சுமார் 1,200 பேர். ஆயினும் எந்த ஒரு நாளிலும் அத்தனை பேரும் ஊரில் இருந்ததில்லை. சிலர் வழியிலேயே இறந்தார்கள். சிலர் துறைமுகத்திலும் சிகாகோவிலும் நின்றுவிட்டார்கள். வந்து சேர்ந்தவர்களிலும் பலர், விக்டோரியாவிலிருந்த யோனாஸ் ஹெட்ஸ்ட்ரோமின் மெத்தடிஸ்ட் சபையை நாடிப் பிரிந்து போனார்கள். இந்தக் கழித்தல்களையெல்லாம் புதிதாக வந்த கப்பல்கள் ஈடுசெய்து கொண்டிருந்த வேளையில், 1849-ஆம் வருஷத்துக் கோடையில், புதிதாக வந்த ஒரு கூட்டத்தோடு வாந்திபேதியும் வந்தது. அந்த வருஷம் மிஸ்ஸிஸிப்பிக் கரை முழுவதும் பரவியிருந்த நோய் அது. ஒரே பந்தியில் உண்டு ஒரே கிணற்றில் நீர் இறைக்கும் ஊரில் அது பரவிய வேகத்தைச் சொல்லவேண்டுவதில்லை. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பாவமும் பிணியும் தம்மை நம்பியவரை அணுகா என்று போதித்த யான்ஸனின் மனைவியும் அவர்களில் ஒருத்தி.

அந்த வருஷத்திலேதான் ஊரின் விதியை மாற்றிய இன்னொரு சம்பவத்துக்கும் வித்து விழுந்தது. ஜான் ரூட் என்று அமெரிக்காவில் பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஸ்வீடிஷ் வாலிபன், மெக்ஸிகோ யுத்தத்தில் சிப்பாயாக இருந்தவன், ஊருக்கு வந்து யான்ஸனின் உறவுக்காரப் பெண்ணான லோட்டாவை மணந்தான். அவன் ஊரைவிட்டுப் போக நினைத்தால் அவளை வற்புறுத்தி அழைத்துச் செல்லலாகாது என்று எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே கல்யாணம் நடந்தது. போக நினைத்தான், அவள் மறுத்தாள் என்று ஊரார் சொன்னார்கள், ஊரார் மறைத்தார்கள் என்று அவன் சொன்னான். அவளுடைய மனத்தில் என்ன இருந்தது என்பதை இரு கட்சியாரும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. அவன் அவளைக் கவர்ந்து சென்றான், அவர்கள் துரத்தி மீட்டார்கள், மறுபடி கொண்டுபோனான், மறுபடி திரும்பி வந்தாள். 1850-ன் வசந்தத்தில் அவன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து ஊரைக் கொளுத்துவதாகப் பயமுறுத்தவே, யான்ஸன் சில காலம் செயின்ட் லூயிஸில் ஒதுங்கியிருந்துவிட்டு, கவுண்டியின் தலைநகரான கேம்பிரிட்ஜில் கோர்ட்டு கூடும் சமயத்தில் தம் ஊரின் வழக்குகளைக் கவனிக்கத் திரும்பி வந்தார்.

மே மாதம் 13-ஆம் தேதி நடுப்பகலில், விசாரணை சற்று நின்றிருந்த வேளையில், கோர்ட்டுக் கட்டடத்தின் வாசலில் ரூட் தோன்றி, யான்ஸனைக் கூப்பிட்டுத் துப்பாக்கியை நீட்டிச் சுட்டான். அவருக்கு அப்போது வயது 41. ரூட்டுக்கு இரண்டு வருஷச் சிறை விதிக்கப்பட்டது. அதுவும் முடியுமுன் மன்னிக்கப்பட்டான்.

ஊரின் மூத்தவர்களில் முதன்மையானவரான யோனாஸ் ஓல்ஸன் அன்று ஊரில் இல்லை. கடன் தீர்க்கத் தங்கம் தேடி வருமாறு யான்ஸனே மார்ச் மாதத்தில் வேறு எட்டுப் பேரோடு அவரைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பியிருந்தார். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும், பாதி எழும்பிய செங்கல் மாளிகையும், அறுப்புக்குக் காத்திருந்த கோதுமையும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன. அவற்றின் பத்திரங்களோ தனி மனிதர்களின் பெயர்களில் இருந்தன. அந்தப் பத்திரங்கள் என்னவாயின என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.